பழம்பெயர் களைதல்

மதுரையினின்று திருமங்கலம் வழியாக இராஜபாளையம் செல்லும் பெருஞ்சாலையில் டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் உளது. அவ்வூர்ப் பெயரின் முன் நிற்கும் 'டி.' என்னும் ஓரெழுத்தின் பயனை நம் மாணவரிற் பலர் எண்ணிப் பார்த்திரார். அதே மதுரை மாவட்டத்தில் எம். கல்லுப்பட்டி என வேறோர் ஊரும் உண்டு. வெறுமனே 'கல்லுப்பட்டி' என்று மேல்விலாசம் எழுதப்பட்ட கடிதம் இவ்விரண்டனுள் எதற்கு உரியதென்று தபாற்காரர் அறியார். ஓரெழுத்து முன் நிற்க, ஐயம் தீர்கின்றது. பெயரென்பது ஒரு பொருளை ஏனையவற்றினின்று பிரித்துக் காட்டுதற்கே அமைந்தது என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

ஆயினும் பெயர் பிழையின்றி இருந்தும் கடிதம் தவறான கையிற் சேர்தல் உண்டு. டி. கல்லுப்பட்டியின் ஒரு தெருவில் ஒரு குடும்பத்தார் வாடகை வீட்டில் இருந்தனர் எனக் கொள்வோம். அவர்கள் பிழைப்பின் பொருட்டுத் திருப்பூர் சென்றுவிட்டனர். அவ்வீட்டில் வேறொருவர் குடிபுகுந்தார். ஆனால் உறவினரது குறிப்பேட்டில் முன்னிருந்தவர் பெயரும் அவ்வீட்டுக் கதவிலக்கமும் எழுதியபடியே கிடக்கின்றன. உறவினர் அதனைப் பார்த்துக் கடிதம் விடுக்கின்றார். அந்நியர் பிரித்துப் படிக்கின்றார். இங்கே பிழை தபாற்காரரதும் அன்று, எழுதினவரதும் அன்று, ஏட்டினது. அவ்வேடு ஒரு காலத்தில் மெய்யே கூறிற்று. காலம் மாறிய பின்னும் அதனையே கூறிக்கொண்டிருத்தலால் பொய் கூறுவதாயிற்று.

கணினி வலையங்களிலும் இத்தகைய பழம்பெயர்கள் நாடோறும் தோன்றுகின்றன. அவை தோன்றும் காரணம், அவற்றால் விளையும் தீங்கு, உயிருள்ள பெயர்களுக்கு ஊறு நேராவண்ணம் அவற்றைக் களையும் முறை ஆகிய மூன்றனையும் ஈண்டு ஆராய்வாம். நம் கல்லூரியிற் பயின்று வெளியேறுவோருள் சிலர் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் வலையங்களைக் காக்கும் பணியை மேற்கொள்வர். ஆதலின் இஃது ஏட்டுக் கல்வியளவில் நின்றுவிடும் பொருளன்று.

1. பெயரேட்டின் வரலாறு

கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அழைக்கும். 192.168.10.25 என்பது போன்ற அவ்வெண்ணை ஐ.பி. முகவரி என்பர். மக்களோ எண்களை நினைவில் நிறுத்த மாட்டார், பெயர்களையே நிறுத்துவர். ஆகவே பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏடொன்று வேண்டியதாயிற்று. இணையத்துக்கு முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் என்னும் வலையத்தில் இவ்வேடு ஒரே கோப்பாக இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய அலுவலகம் அதனைப் பேணி வந்தது. புதிய கணினியை இணைப்போர் அவ்வலுவலகத்துக்குத் தெரிவிப்பர். அலுவலகத்தார் கோப்பினைத் திருத்துவர். ஏனையோர் அதன் படியை எடுத்துக்கொள்வர்.

கணினிகள் பெருகவே ஒரு கோப்பும் ஓர் அலுவலகமும் அப்பணிக்குப் போதாவாயின. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், டி.என்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் களப்பெயர் முறையை வகுத்தளித்தார். 1987இல் திருத்தமுற்று வெளிவந்த அதன் வரையறையே இன்றளவும் அடிப்படையாக நிற்கின்றது. அதன் உட்கருத்து எளியது. ஏடு ஒன்றாயிராமல் மரம்போற் கிளைக்கின்றது. வேரில் நிற்பவர் எந்தக் கிளை எவர் பொறுப்பில் உளது என்பதை மட்டும் அறிவர். கிளைக்குரியவர் தம் கிளையிலுள்ள கொம்புகளை அறிவர். கொம்புக்குரியவர் தம் இலைகளை அறிவர். தமிழெழுத்திலேயே '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்னும் மூன்று கிளைகள் அம்மரத்தில் உள என்பது தமிழ் மாணவர் மகிழத்தக்க செய்தியாகும்.

இம்மரத்தின் அமைப்பிலிருந்து ஒரு கடமை பிறக்கின்றது. ஒரு கல்லூரியின் பெயரேட்டை அக்கல்லூரியே காத்தல் வேண்டும். வேரிலிருப்பவரோ வேறு கிளையிலிருப்பவரோ வந்து அதன்கண் உள்ள பழம்பெயர்களைக் களைந்து தாரார். எவருக்கு எழுதும் அதிகாரம் தரப்பட்டதோ அவர்க்கே துப்புரவு செய்யும் கடமையும் உரியதாகும்.

2. குத்தகையும் தானே எழுதும் பதிவும்

முன்னெல்லாம் வலையத்தைக் காப்போர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்ணைக் கையால் அமைத்து, அதனைப் பெயரேட்டிலும் கையாலேயே எழுதுவர். இன்று டி.எச்.சி.பி. என்னும் முறையால் எண்கள் தாமே வழங்கப்படுகின்றன. கணினியொன்று வலையத்தில் இணைந்தவுடன் தனக்கோர் எண் வேண்டுமெனக் கேட்கின்றது. வழங்கும் சர்வர் தன்னிடமுள்ள எண்களில் ஒன்றை இத்தனை நாளுக்கெனக் குத்தகைக்கு விடுகின்றது. குத்தகை என்பது நம் நாட்டு உழவர்க்குப் புதிய சொல்லன்று. நிலம் குத்தகைதாரர்க்கு உரிமையாவதில்லை. தவணை முடிந்து புதுப்பிக்கப்படாவிடின் அது பிறிதொருவர் கைக்குச் செல்லும். எண்ணும் அவ்வாறே. நாற்பது பேர்க்குரிய எண்களைக்கொண்டு, வந்து போகும் நானூறு பேர்க்கும் இம்முறையால் இடமளித்தல் கூடும்.

எண் மாறிக்கொண்டிருக்குமாயின் பெயரேட்டைக் கையால் திருத்துதல் இயலாது. ஆகவே கணினியோ, அதன் சார்பில் எண் வழங்கும் சர்வரோ, பெயரேட்டில் தானே எழுதிக்கொள்ள வகைசெய்யும் வரையறை ஒன்று 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்தது. இவ்வாறு எழுதப்படுவதை இயங்குநிலைப் பதிவு எனலாம். ஊழியர் கையால் எழுதியதை நிலைப்பதிவு எனலாம். இவ்வேறுபாட்டை மாணவர் உள்ளத்திற் பதித்துக்கொள்க; பின்னர் வரும் செய்திகள் யாவும் இதனைப் பற்றியே நிற்பன.

இயங்குநிலைப் பதிவினால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் அதனுடன் ஒரு குறையும் வந்தது. வலையத்துள் நுழையும் கணினி தன் பெயரைத் தவறாது எழுதுகின்றது. வெளியேறும் கணினியோ பெரும்பாலும் சொல்லாமலே போகின்றது. மடிக்கணினியை மூடிப் பையிலிட்டுப் பேருந்தேறும் ஒருவர், தம் பெயரை ஏட்டினின்று அடித்துவிட்டுச் செல்வதில்லை. பழுதுற்ற கணினியும், களவுபோன கணினியும், விற்கப்பட்ட கணினியும் அவ்வாறே. எழுதுதற்குக் கைகள் பல உள. அழித்தற்கு ஒரு கையும் இல்லை. பழம்பெயர்கள் தோன்றுதற்கு முதற்காரணம் இதுவே.

3. ஓர் எடுத்துக்காட்டும் மூவகைத் தீங்கும்

டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளி இருப்பதாகவும், அதன்கண் அறுபது கணினிகள் ஒரே வலையத்தில் இணைக்கப்பட்டிருப்பதாகவும் கொள்க. கணினிகளுக்கு மலைகளின் பெயர்களை இட்டுள்ளனர். 'சதுரகிரி' என்பது ஓர் ஆசிரியரின் மடிக்கணினி, அதற்கு 192.168.10.25 என்னும் எண் குத்தகையாகக் கிடைத்தது. அவர் மாற்றலாகி வேறூர் சென்றார்; குத்தகை முடிந்தது; அவ்வெண் 'நாகமலை' என்னும் மாணவர் கணினிக்கு வழங்கப்பட்டது. இப்பொழுது ஏட்டில் 'சதுரகிரி' என்னும் பெயருக்கும் அதே எண். 'நாகமலை' என்னும் பெயருக்கும் அதே எண். முன்னது பொய், பின்னது மெய். ஆனால் ஏட்டைப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒரே எழுத்தாகவே தோன்றும்.

முதலாவது தீங்கு, பொருள் இடம்மாறிச் சேர்தல். வினாத்தாளை 'சதுரகிரி'க்கு அனுப்புமாறு முன்னமே அமைக்கப்பட்ட ஏற்பாடொன்று மாற்றப்படாது இருக்குமாயின், அது 'நாகமலை'யின் வாயிலைத் தட்டும். முறையான அடையாளச் சோதனை இருப்பின் அங்கே தடைபடும். இல்லாவிடின் வினாத்தாள் மாணவர் கையிலிருக்கும்.

இரண்டாவது, குற்றம் இடம்மாறிச் சேர்தல். பெயரினின்று எண்ணைக் காட்டும் ஏடு இருப்பதுபோல, எண்ணினின்று பெயரைக் காட்டும் எதிர்முக ஏடொன்றும் உண்டு. வலையத்தில் தீய செயலொன்று நிகழ்ந்தால், காவல் கருவிகள் எண்ணையே குறித்து வைக்கும். காப்பாளர் எதிர்முக ஏட்டைப் புரட்டி அவ்வெண் யாருடையதென்று காண்பர். அங்கே பழம்பெயர் நின்றால், செய்யாத குற்றம் ஊரிலில்லாத ஆசிரியர்மேற் சாரும், செய்தவர் தப்புவர். வலையம் பழுதானால் ஒருநாளிற் செப்பமிடலாம். ஒருவருடைய நற்பெயர் பழுதானால் அதனைச் செப்பமிடுதல் எளிதோ? இவ்வொன்றே இப்பொருளைச் சிறியதென்று இகழலாகாமைக்குப் போதிய காரணமாகும்.

மூன்றாவது தீங்கு, வளாகத்துக்கு வெளியே நேர்வது. இக்காலத்துக் கல்விச்சாலைகளும் அலுவலகங்களும் தம் பெயரின் கீழ் ஒரு கிளைப்பெயரை வைத்து, அதனை வெளியாரிடம் வாடகைக்குப் பெற்ற கணினி இடத்தை நோக்கித் திருப்பிவிடுதல் வழக்கம். விழாவொன்றுக்காக ஒரு தளம் அமைப்பர். விழா முடிந்தபின் வாடகை இடத்தை விடுவர். பெயரை மட்டும் ஏட்டில் விட்டுவிடுவர். அவ்விடத்தைப் பின்னர் வாடகைக்கு எடுக்கும் வஞ்சகன், நிறுவனத்தின் நற்பெயரிலேயே தன் போலித் தளத்தை நடத்தல் கூடும். பெயரைப் பார்த்து நம்பி வருவோர் மோசம்போவர். இது நிலைப்பதிவிலும் நேர்வது. எனவே கீழே கூறப்படும் தானியங்கித் துப்புரவு இதனைத் தீர்க்காது. இடத்தை விடும் நாளிலேயே பெயரையும் அடித்தல் வேண்டும். பெயரை முதலில் அடித்து இடத்தைப் பின்னர் விடுதலே முறை.

4. துப்புரவு நடைபெறும் விதம்

பழம்பெயரைக் கண்டறிதற்கு ஏற்ற வழி யாது? கணினியை அழைத்துப் பார்த்தால் தெரியாதோ எனச் சிலர் வினவுவர். அழைத்தபொழுது விடை வாராமை, கணினி இல்லாமைக்குச் சான்றாகாது. அது அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அதன் பாதுகாப்பு அரண் அத்தகைய அழைப்புக்கு விடைகூறாதபடி அமைந்திருக்கலாம். விடை வந்தாலும் அது மெய்ச்சான்றாகாது. முற்கூறிய எடுத்துக்காட்டில் 'சதுரகிரி'யை அழைத்தால் 'நாகமலை'யன்றோ விடைகூறும்! ஆகவே வேறொரு சான்று வேண்டும். பெயருக்குரியது தானே குறித்த காலத்துக்கொருமுறை வந்து, 'யான் இன்னும் உளேன்' என ஏட்டிற் கூறிச் செல்லுதலே அச்சான்று.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் சர்வரின் பெயரேட்டு அமைப்பு இக்கருத்தை மேற்கொண்டது. பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இன்றும் அதன் வழிவந்த அமைப்பே இயங்குவதால் அதனை விரித்துரைப்போம். ஒவ்வோர் இயங்குநிலைப் பதிவின்மீதும் ஒரு கால முத்திரை இடப்படுகின்றது. நிலைப்பதிவின் முத்திரை சூனியம். சூனிய முத்திரையுள்ள பதிவு எஞ்ஞான்றும் களையப்படாது. முத்திரை இடப்பட்ட நேரத்தினின்று இரண்டு இடைவெளிகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. முதலாவது புதுப்பிக்கா இடைவெளி. இரண்டாவது புதுப்பிக்கும் இடைவெளி. வேறுவிதமாக மாற்றாவிடின் ஒவ்வொன்றும் 7 நாள்.

புதுப்பிக்கா இடைவெளியில், கணினி வந்து 'உளேன்' என்று மட்டும் கூறினால் அது முத்திரையில் ஏறாது. விண்டோஸ் கணினிகள் 24 மணிக்கொருமுறை வந்து கூறுதல் இயல்பு. அவை ஒவ்வொன்றையும் எழுதத் தொடங்கினால், அம்மாற்றத்தை ஏட்டின் படிகளை வைத்திருக்கும் ஏனைய சர்வர்களுக்கும் அனுப்ப நேரும். வலையம் வீண்சுமையால் வருந்தும். அச்சுமையைத் தவிர்த்தற்கே இவ்விடைவெளி அமைந்தது. ஆனால் எண்ணே மாறிவிட்டதெனக் கணினி கூறினால் அஃது எந்நாளிலும் உடனே எழுதப்படும். புதுப்பிக்கும் இடைவெளி தொடங்கிய பின்னர் வரும் முதற்கூற்று, முத்திரையைப் புதியதாக்கி இரண்டு இடைவெளிகளையும் மீண்டும் தொடக்கத்தினின்று ஓடச்செய்யும். இரண்டும் கழிந்தும் எவரும் வாராவிடின் அப்பதிவு நாட்பட்டதாகும்.

கணக்கினால் இதனைத் தெளிவோம். 'சதுரகிரி' ஜூன் 1ஆம் நாள் காலை 9 மணிக்குப் பதிவுற்றதெனக் கொள்க. ஜூன் 8 காலை 9 மணிவரை புதுப்பிக்கா இடைவெளி. ஜூன் 15 காலை 9 மணிவரை புதுப்பிக்கும் இடைவெளி. ஜூன் 10ஆம் நாள் அக்கணினி வந்து கூறினால் முத்திரை ஜூன் 10 ஆகிவிடும். கணக்கு அங்கிருந்து புதிதாய்த் தொடங்கும். வாராவிடின் ஜூன் 15 காலை 9 மணிக்குப் பின் பதிவு களையத்தக்கதாகும். ஆயினும் அக்கணத்திலேயே களையப்படாது. சர்வர் துப்புரவுக்கெனக் குறித்துள்ள நாளிலேயே களையப்படும். துப்புரவு 7 நாளுக்கொருமுறை நடைபெறுமாயின், ஜூன் 22க்குள் அப்பெயர் நீங்கும். ஆக, சென்றுவிட்ட கணினியின் பெயர் அதன் கடைசி முத்திரையினின்று இரண்டு வாரத்துக்குக் குறையாமலும் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு மேற்படாமலும் ஏட்டில் நிற்கும்.

இத்துப்புரவு தானே தொடங்குவதன்று. பதிவில் முத்திரை இருத்தல் வேண்டும். அம்மண்டலத்தில் முதுமைக் கணக்கு இயங்குமாறு அமைத்தல் வேண்டும். சர்வரிலும் துப்புரவு நடைபெறக் கட்டளையிடுதல் வேண்டும். மூன்று பூட்டுக்களும் திறந்தாலன்றிக் கதவு திறவாது. ஒன்றைத் திறந்துவிட்டு, 'அமைத்துவிட்டோம்' என்று இருந்துவிடுவோர் உண்டு. ஆண்டுகள் செல்லும், ஏட்டில் ஒரு பெயரும் குறையாது.

5. இரண்டு காலங்களும் ஒத்திருத்தல்

எண் வழங்கும் சர்வரின் காலமும் பெயரேட்டின் காலமும் வெவ்வேறாயிருத்தல் பழம்பெயர்களுக்கு இரண்டாவது காரணம். விண்டோஸ் அமைப்பில் குத்தகைக் காலம் இயல்பாக 8 நாள். பெயர் நிற்பதோ குறைந்தது 14 நாள். ஒன்பதாம் நாளில் எண் வேறொருவர் கைக்குச் செல்லலாம். பழைய பெயர் இன்னும் சில நாள் அவ்வெண்ணைக் காட்டிக்கொண்டே நிற்கும். கூடுமானவரை குத்தகைக் காலத்தையும் இரண்டு இடைவெளிகளின் கூட்டையும் அணுக வைத்தல் நன்று. மாணவர் கைப்பேசிகள் வந்து போகும் கம்பியில்லா வலையத்தில் குத்தகை ஒருநாளோ சில மணியோ ஆதல் கூடும். அங்கே இடைவெளிகளை அவ்வளவு சுருக்குதல் தகாது. குத்தகை முடிந்தவுடன் எண் வழங்கும் சர்வரே தான் எழுதிய பெயரை அழித்துவிடுமாறு அமைத்தலே அங்கே ஏற்றது. அன்றியும், விருந்தினர் கருவிகளின் பெயர்களை ஏட்டில் எழுதாமலே விடுதலும் ஒரு நல்வழி.

மற்றொரு நுட்பமும் உண்டு. கணினிக்காக எண் வழங்கும் சர்வரே பெயரை எழுதுமாயின், குத்தகை பாதி கழியும்போது நடைபெறும் புதுப்பிப்பை ஒட்டியே 'உளேன்' என்னும் செய்தி ஏட்டைச் சேரும். 8 நாள் குத்தகைக்கு அது 4 நாளுக்கொருமுறை. புதுப்பிக்கும் இடைவெளியை 3 நாளாகக் குறைத்துவிட்டால், உயிரோடிருக்கும் கணினியும் வருமுன்னரே நாட்பட்டதாக எண்ணப்படுதல் கூடும். ஆகவே, வருதற்கு எத்துணைக் காலம் ஆகுமோ அதனினும் மிகுந்த காலம் காத்திருத்தல் வேண்டும் என்பது விதி.

உடைமை பற்றிய இடரும் ஒன்று. பாதுகாப்புள்ள வலையத்தில் ஒரு பதிவை எழுதினவரே அதனைத் திருத்தக்கூடும். கணினி பழுதாகிப் புதிதாய் நிறுவப்பட்டு அதே பெயருடன் வேறு அடையாளத்தோடு வருமாயின், தன் பழைய பதிவைத் தானே திருத்த இயலாது நிற்கும். பெயர் உண்டு, உரியவர் உண்டு, ஆயினும் ஏட்டில் நிற்பது பழைய எண். இதனைக் காப்பாளர் கண்டறிந்து நீக்கினால் அக்கணினி தானே புதிதாய் எழுதிக்கொள்ளும்.

6. களைவதற்கு முன் காண்பன

பழம்பெயர் களையும் ஆர்வத்தால் நற்பெயரைக் களைந்தோர் பலர். இயங்குநிலைப் பதிவொன்று தவறாய் நீங்கினால் தீங்கு சிறிதே. கணினி மறுபடி இணைந்தவுடன் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும். கோடை விடுமுறையில் அணைந்திருந்த கணினிகள் ஜூன் மாதத்தில் மீள்வதும் அவ்வாறே. நிலைப்பதிவு நீங்கினாலோ தீங்கு பெரிது. மதிப்பெண் சர்வரும் அச்சுக்கருவியும் வந்து தம் பெயரை எழுதா. எழுதிய ஊழியரும் ஓய்வு பெற்றிருப்பர். எல்லாப் பதிவுகளின்மீதும் முத்திரையிடும் கட்டளையொன்று அவ்வமைப்பில் உண்டு. அதனை ஆராயாமல் இட்டால் நிலைப்பதிவுகளும் முத்திரை பெற்று, புதுப்பிக்க எவருமின்றி, குறித்த நாளில் ஒருங்கே மறையும். காலையில் அலுவலகம் திறக்கும்போது ஒரு சேவையும் விடையளியாது.

ஆகவே வலையம் காப்போர் மேற்கொள்ளத்தக்க ஒழுங்கு பின்வருமாறு. முதற்கண் ஏடு முழுவதையும் படியெடுத்து வேறிடத்தில் வைக்க. அடுத்து, பதிவுகளை முத்திரை வாரியாக வரிசைப்படுத்தி, மிகப் பழையனவற்றை ஒவ்வொன்றாய் நோக்குக. நிலையாய் இருக்கவேண்டிய சர்வர் எதுவும் இயங்குநிலைப் பதிவாக நிற்கின்றதோ எனக் காண்க. நிற்பின் அதனை நிலைப்பதிவாக்குக. மண்டலத்தில் முதுமைக் கணக்கைத் தொடங்கியபின், உயிருள்ளவை யாவும் புது முத்திரை பெறுமாறு இரண்டு இடைவெளிகளும் கழியும்வரை பொறுத்திருக்க. துப்புரவுப் பணியைப் பல சர்வர்களிடம் விடாது ஒன்றனிடம் மட்டும் ஒப்புவிக்க. பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்ததென்று அறிதற்கு அஃது உதவும். துப்புரவு நடந்தபின் சர்வர் எழுதிவைக்கும் நிகழ்ச்சிக் குறிப்பைப் படித்து, எத்தனை நீங்கின என்பதை எதிர்பார்த்த தொகையோடு ஒப்பிடுக. எதிர்முக ஏட்டிலும் இவற்றையே செய்க. பலர் மறப்பது அதனையே. களைந்த பெயர்க்குரிய பழைய விடையை ஏனைய கணினிகள் சிறிது காலம் நினைவில் வைத்திருக்குமாதலின், நீக்கியவுடன் பயன் காணாது மயங்கற்க.

பைண்டு என்னும் பெயரேட்டு அமைப்பை ஆள்வோர்க்கு ஒரு சொல். அதில் இத்தகைய முதுமைக் கணக்கு இயல்பாக அமைந்ததன்று. எண் வழங்கும் சர்வர் தான் எழுதியதைத் தானே அழிக்குமாறு ஒழுங்குசெய்தலும், எஞ்சியதைக் காப்பாளர் திருத்தக் கட்டளைகளால் நீக்குதலுமே அங்கு வழி. இயங்குநிலை மண்டலத்தின் கோப்பைக் கையால் திருத்த நேரின், முதலில் மண்டலத்தை உறையச்செய்து, திருத்தி, பின்னர் உருகச்செய்தல் வேண்டும். அங்ஙனமின்றித் திருத்தினால், அதன் நாட்குறிப்புக் கோப்புடன் முரண்பட்டுத் திருத்தம் கெடும். பெயரை எழுதும்போதே, 'இத்தனை காலத்துக்கே இப்பதிவு' எனத் தவணை பேசிக்கொள்ளும் வரையறையொன்று 2025இல் வெளிவந்துளது. எண்ணுக்கு இருந்த குத்தகை பெயருக்கும் வருகின்றதென்க.

7. ஏடும் நிலமும்

எவ்வளவு கருவிகள் இருப்பினும், ஏட்டில் உள்ளதை நிலத்திற் சென்று ஒப்புநோக்கும் கண் ஒன்று வேண்டும். டி. கல்லுப்பட்டியில் 1940ஆம் ஆண்டு தோன்றிய காந்திநிகேதன் ஆசிரமத்தில் தம் பிற்கால வாழ்வைக் கழித்தவர் ஜே. சி. குமரப்பா (1892–1960). கணக்காய்வுத் தொழில் பயின்றவர். 1929–30இல் காந்தியடிகளின் விருப்பப்படி குஜராத்தின் மாதர் தாலுகாவில் பொருளாதார ஆய்வு நிகழ்த்தினார். வரி விதித்த ஏடுகள் கூறியதைக் கொண்டு அவர் அமையவில்லை. குஜராத் வித்யாபீடத்து மாணவருடன் ஊரூராய்ச் சென்று, உழவர் குடும்பங்களின் வரவையும் செலவையும் கேட்டறிந்து கணக்கிட்டார். ஏட்டை மெய்யென்று கொள்ளுமுன் மனிதரைக் காணவேண்டும் என்னும் அப்பயிற்சி, வலையம் காப்பவர்க்கும் வேண்டுவதே. துறைதோறும் சென்று, 'இப்பெயருக்குரிய கணினி எங்கே? அதனை ஆள்பவர் யார்?' என்று ஆண்டுக்கொருமுறையேனும் வினவுதல் எந்தக் கட்டளையினும் சிறந்த துப்புரவாகும்.

இப்பொருளின் பெருமையை உணர அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் நினைக்கலாம். 2025ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. டிசம்பர் 19ஆம் நாள் வெளிவந்த வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை எழுதப்பட்டோர் என அவை வகுக்கப்பட்டன. விடுபட்டோர் தம் உரிமையைக் கூறவும், பிறர் மறுப்புரைக்கவும் அதன்பின் காலம் தரப்பட்டது. வாக்காளர் பட்டியலும் கணினிப் பெயரேடும் மதிப்பில் ஒப்பன அல்ல. ஒன்றில் நிற்பது குடிமகனின் உரிமை, மற்றொன்றில் நிற்பது ஒரு கருவியின் எண். ஆயினும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே. இறந்தவரை உள்ளவராக வைத்திருத்தல் ஒரு பிழை. உள்ளவரை இறந்தவராகக் கொள்ளுதல் மற்றொரு பிழை. முதற்பிழைக்கு அஞ்சி விரைவோர் இரண்டாம் பிழையில் வீழ்வர். இரண்டாம் பிழைக்கு அஞ்சி வாளா இருப்போர் முதற்பிழையில் அழுந்துவர். இரண்டுக்கும் நடுவே நிற்கும் வழி, உரியவர் வந்து கூறுதற்குப் போதிய காலம் தந்து, அக்காலம் கழிந்தபின் தயங்காது களைதலே. முற்கூறிய இரண்டு இடைவெளிகளும் அவ்வறத்தையே கணக்காக எழுதியவை.

இவ்வாண்டு நம் கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் ஒரு நாள் ஏதேனுமொரு வலையத்தின் திறவுகோலைக் கையேற்பர். அதன் பெயரேட்டைத் திறந்து பார்க்கையில், தமக்கு முன்னிருந்தோர் எழுதிச்சென்ற, எவருக்கும் தெரியாத பெயர்கள் பல நிற்கக் காண்பர். அவற்றை நகைத்தும் விடற்க. ஒரே நாளில் அழித்தும் விடற்க. படியெடுத்து, வினவி, பொறுத்திருந்து, பின்னர்க் களைக. அன்றியும், தாம் எழுதும் ஒவ்வொரு நிலைப்பதிவின் அருகிலும், அஃது எதற்காக, எவரால், எந்நாளில் எழுதப்பட்டது என்பதை ஒருவரியிற் குறித்து வைக்க. பின்வருவோர் அவ்வரியைப் படித்து நன்றி பாராட்டுவர். அவர்கள் பாராட்டாவிடினும், ஊரிலில்லாத ஓர் ஆசிரியர்மேல் பழி சாராமல் அது காக்கும்.